ஒரு ராத்திரி, ஒரே படம்: எந்த சாகாக் காதலைப் பார்ப்பது?

எங்கள் கூட்டம் சின்னது. நாலு பேர், நண்பன் வீட்டு மொட்டை மாடி, மாடிப்படி அறைச் சுவரில் படம் காட்ட ஒரு பழைய புரொஜெக்டர். மாதம் ஒரு சனிக்கிழமை, ஒரே படம். எந்தப் படம் என்பதை முறைவைத்து ஒருவர் முடிவு செய்வார். மற்ற மூவரும் முன்கூட்டி வாயைத் திறக்கக்கூடாது. படம் முடிந்தபின் எவ்வளவு வேண்டுமானாலும் திட்டிக்கொள்ளலாம். நண்பனின் அம்மா சில நாள் பூண்டு உரிக்கும் முறத்தோடு மேலே வந்து உட்காருவார். சப்டைட்டில் அவருக்கு ஓடாது. யாராவது கதையைச் சொல்லிக்கொண்டே வரவேண்டும்.

இந்த மாதம் என் முறை. போன தடவை வைக்கிங் சண்டைப் படம் ஒன்று பார்த்துவிட்டுக் கீழே இறங்கும்போது ஒருவர் கேட்டார்: "வெட்டு குத்தெல்லாம் சரி. பகையாளி வீட்டுப் பெண்ணைக் காதலித்துச் சாகிற கதை அந்த ஊரில் கிடையாதா?"

நன்றாகக் கேட்டார். அந்த ஊர்க் கதைகளில் பாதி அதுதான். தேடிப் பார்த்ததில் ஐந்து படம் கைக்கு வந்தது. இரண்டைச் சீக்கிரமே தள்ளிவிட்டேன். மீதி மூன்றுக்கு நடுவே ஒரு வாரம் ஊசலாட்டம். இதே யோசனையில் வேறு யாராவது இருந்தால் உதவுமே என்று எழுதுகிறேன்.

தொடங்குமுன் ஒரு சொல். சாகா என்பது ஐஸ்லாந்தியச் சொல். 'சொல்வது' என்ற வேரிலிருந்து வந்தது. பெரும்பாலும் 13ஆம் நூற்றாண்டில் ஐஸ்லாந்தில் உரைநடையில் எழுதிவைக்கப்பட்ட கதைகளுக்கு அந்தப் பெயர். தமிழ்க் காதில் அது 'சாகாத' என்று விழும், ஏமாந்துவிடாதீர்கள். கதை முடியும்போது சாகாமல் இருப்பவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

முதலில் தள்ளியது ராபர்ட் எக்கர்ஸின் 'தி நார்த்மேன்', 2022. ஐந்தில் எளிதாகக் கிடைப்பதும் பளபளப்பாக இருப்பதும் அதுதான். அப்பாவைக் கொன்ற சித்தப்பாவைத் தேடிப் போகும் ஆம்லெத்தின் கதை. ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட்டுக்கு மூலமும் அதுவே. படத்தில் காதல் இருக்கிறது, ஆனால் ஆம்லெத்தும் ஓல்காவும் ஒரே பக்கம் நிற்கிறார்கள். இருவருமே சித்தப்பாவின் பண்ணையில் அடிமைகள். அவள் வீட்டுக்கும் இவன் வீட்டுக்கும் நடுவே ரத்தம் எதுவும் ஓடவில்லை. கேட்ட கேள்விக்கு அது பதில் ஆகாது.

அடுத்தது ஃப்ரிட்ஸ் லாங் 1924இல் எடுத்த 'டீ நீபெலுங்கன்'. மௌனப் படம், இரண்டு பாகம், சேர்த்துப் பார்த்தால் ஐந்து மணி நேரத்தை நெருங்கும். நீளம் மட்டும்தான் சிக்கல் என்றால் இரண்டு சனிக்கிழமையாகப் பிரித்துக்கொள்ளலாம். ஆனால் அது ஐஸ்லாந்திலும் சொல்லப்பட்ட ஒரு பழங்கதையின் ஜெர்மன் வடிவம். அந்த ஒரு வித்தியாசத்தை யோசித்தபோதுதான் மற்ற படங்களை எதை வைத்து அளப்பது என்பதே எனக்குப் பிடிபட்டது.

ஜெர்மன் வடிவத்தில் கிரீம்ஹில்டின் கணவன் சீக்ஃப்ரீடைக் கொல்கிறார்கள். கொன்றவன் ஹாகன், உடந்தை அவளுடைய கூடப்பிறந்தவர்கள். அவள் ஹூணர்களின் அரசனை மறுமணம் செய்துகொண்டு, சகோதரர்களை விருந்துக்கு அழைத்து அடியோடு அழிக்கிறாள். ஐஸ்லாந்து வடிவத்தில் இவளுக்குப் பெயர் குத்ரூன். அங்கேயும் கணவன் சிகுர்த் சாவது அவள் சகோதரர்களால்தான். ஆனால் அவள் அவர்கள் மேல் கை வைப்பதில்லை. இரண்டாவது கணவன் அட்லி அந்தச் சகோதரர்களைக் கொன்றதும், அட்லிக்குத் தான் பெற்ற பிள்ளைகளைக் கொன்று, அவனையும் கொன்று, அரண்மனைக்குத் தீ வைக்கிறாள். ஒரே கதைதான். ஜெர்மனியின் ரைன் நதிக்கரையில் புருஷனுக்காகக் கூடப்பிறந்தவர்களை அழிக்கிறாள். ஐஸ்லாந்தில் கூடப்பிறந்தவர்களுக்காகப் புருஷனை அழிக்கிறாள்.

ஆக, பகைக் குடும்பங்களுக்கு நடுவே வரும் காதலில் ஆண்களின் பாடு சுலபம். அவனுக்கு ஒரு பக்கம்தான், சண்டை போட்டுச் செத்துப்போவான். இரண்டு பக்கமும் தன் பக்கமாக இருப்பது பெண்ணுக்குத்தான். படம் அவளை எவ்வளவு நேரம், எவ்வளவு நேராகப் பார்க்கிறது? நான் வைத்துக்கொண்ட அளவுகோல் அதுதான்.

இந்தப் பகை எப்படி நடக்கும் என்பதும் கொஞ்சம் தெரிந்திருந்தால் மூன்று படமும் கூடுதலாகப் புரியும். ஐஸ்லாந்தில் அரசன் கிடையாது. 930இல் தொடங்கிய ஆல்திங் என்ற பொதுமன்றம் ஆண்டுக்கு ஒருமுறை கூடும், சட்டம் சொல்லும், தீர்ப்பு சொல்லும். தீர்ப்பை நிறைவேற்ற போலீசும் இல்லை, படையும் இல்லை. ஜெயித்தவன் தானே ஆள் திரட்டிக்கொண்டு போகவேண்டும். கொலைக்கு வெள்ளியில் ஈடு கட்டலாம், இரு தரப்பும் ஏற்றுக்கொண்டால் விவகாரம் முடிந்தது. ஏற்காதவர்களும் உண்டு. 'செத்த மகனைப் பணப்பையில் சுமக்கமாட்டேன்' என்று சாகா மனிதர்கள் சொல்வார்கள். ஈடு கட்டவும் வழியில்லை என்றால் முழு விலக்கு. சொத்து பறிபோகும், யாரும் சோறு போடக்கூடாது, யார் கொன்றாலும் கேள்வி இல்லை. அதற்கு அவர்கள் மொழியில் 'காட்டுக்குப் போவது' என்று பெயர். காடே அதிகம் இல்லாத ஊரில்!

காதலும் இந்தச் சட்டத்துக்குள்தான். க்ராகாஸ் என்ற பழைய ஐஸ்லாந்துச் சட்டத் தொகுப்பின்படி, ஒரு பெண்மேல் காதல் பாட்டுக் கட்டினாலே முழு விலக்கு வரைக்கும் தண்டனை போகும். அந்தப் பாட்டு அவள் வீட்டாரின் மானத்தில் கை வைப்பதாக எண்ணினார்கள்.

சரி, மூன்று படங்களுக்கு வருகிறேன்.

ஐஸ்லாந்தின் ஆகுஸ்ட் குத்முண்ட்சன் 1981இல் எடுத்த 'ஊத்லாகின்', விலக்கப்பட்டவன் என்று பொருள். ஆங்கிலத்தில் 'அவுட்லா: தி சாகா ஆஃப் கிஸ்லி' என்று தேடவேண்டும். கிஸ்லி சாகாவை ஒட்டியே போகும் படம். தனித்தனிக் குலங்கள் மோதிக்கொள்ளும் கதை என்று இதைச் சொல்லமுடியாது. பெண் கொடுத்து, பெண் எடுத்து, பக்கத்துப் பக்கத்தில் பண்ணை வைத்துக்கொண்டு, ஒன்றாக விருந்து சாப்பிடும் சம்பந்திகளின் பகை. எனக்கு அதனாலேயே இது பயங்கரமாகப் பட்டது.

ஒரு காகிதத்தில் உறவுமுறை வரைந்து வைத்துக்கொள்ளுங்கள், கேலிக்குச் சொல்லவில்லை. கிஸ்லி, தோர்கெல், தோர்திஸ் மூவரும் உடன்பிறந்தவர்கள். தங்கை தோர்திஸின் கணவன் தோர்கிரிம். கிஸ்லியின் மனைவி ஆயுத். ஆயுதின் அண்ணன் வேஸ்டெயின். இந்தத் தோர்-களை நேராக்குவதற்குள் முதல் இருபது நிமிடம் போய்விடும்.

நாலு ஆண்களும் ரத்த சகோதரர்கள் ஆவதென்று முடிவு செய்கிறார்கள். புல்தரையை நீளமாக வெட்டி, இரண்டு முனையும் மண்ணோடு ஒட்டியிருக்க, நடுவே ஈட்டியை முட்டுக்கொடுத்து வளைவு போல் தூக்கி நிறுத்துவார்கள். அதற்கடியில் நின்று ரத்தம் சிந்தி மண்ணோடு கலந்து, ஒருவனுக்காக மற்றவன் பழிவாங்குவேன் என்று சத்தியம். கையை நீட்டும் நேரத்தில் தோர்கிரிம் பின்வாங்குகிறான். மனைவியின் அண்ணன்கள் சரி, வேஸ்டெயினுக்கும் எனக்கும் என்ன உறவு, அவனுக்காக நான் ஏன் சத்தியம் செய்யவேண்டும் என்கிறான். அப்படியானால் உனக்கு நானும் கை கொடுக்கமாட்டேன் என்கிறான் கிஸ்லி. அந்த ஒரு நிமிடத்தில் யார் யாரைக் கொல்லப்போகிறார்கள் என்பது முடிவாகிவிடுகிறது.

தீ பற்றுவது தையல் வேலையில். தோர்கெலின் மனைவி அவனுக்குச் சட்டை வெட்டித் தரச்சொல்லி ஆயுதைக் கேட்கிறாள். என் அண்ணன் வேஸ்டெயினுக்கு என்றால் என்னைக் கேட்டிருக்கமாட்டாய் என்று ஆயுத் வாய்தவறிச் சீண்டுகிறாள். பக்கத்தில் படுத்துக்கிடந்த தோர்கெல் அதைக் கேட்டுவிடுகிறான். கொஞ்ச நாளில் ஒரு புயல் ராத்திரியில் வேஸ்டெயின் படுக்கையிலேயே ஈட்டியால் குத்தப்பட்டுச் சாகிறான். குத்தியது யார் என்று சாகா சொல்லவே இல்லை. ஆனால் கிஸ்லிக்குத் தெரியும். அதே ஈட்டியை எடுத்துக்கொண்டு ராத்திரி தங்கை வீட்டுக்குள் நுழைகிறான். இருட்டில் தடவும்போது அவன் குளிர்ந்த கை தங்கைமேல் படுகிறது. அவள் கணவனை எழுப்பி, கை ஏன் இப்படிச் சில்லென்று இருக்கிறது என்று கேட்கிறாள். திரும்பிப் படுக்கவேண்டுமா என்று தூக்கக் கலக்கத்தில் அவன் கேட்கிறான். கிஸ்லி கையைச் சட்டைக்குள் விட்டுச் சூடாக்கிக்கொண்டு, அவர்கள் மறுபடி தூங்கும்வரை காத்திருந்து, தங்கையின் பக்கத்திலேயே தோர்கிரிமைக் குத்துகிறான்.

அப்புறம் தோர்திஸ். கொன்றது அண்ணன்தான் என்பதை அவன் வாயிலிருந்து வந்த பாட்டு ஒன்றை வைத்து அவளே கண்டுபிடித்து, அதை வெளியே சொல்லிவிடுகிறாள். அண்ணனுக்கு விலக்கு விழுகிறது. ஆண்டுக்கணக்கில் துரத்தி அவனைக் கொன்ற எயோல்ஃப், செய்தி சொல்ல அவள் வீட்டுக்கே வருகிறான். சாப்பாடு பரிமாறும்போது கரண்டிகளைக் கீழே தவறவிட்டுக் குனிகிறாள். மேசைக்கடியில் அண்ணனின் வாள் தெரிகிறது. எடுத்து எயோல்ஃபைக் குத்துகிறாள். பிடி மேசையில் தட்டியதால் வாள் தொடையில் பாய்கிறது. அண்ணனைக் காட்டிக்கொடுத்ததும் அவள்தான், அண்ணனுக்காக வாளெடுத்ததும் அவள்தான்.

இந்த இடத்தை நண்பனின் அம்மாவிடம் வாய்க்கதையாகச் சொல்லிப் பார்த்தேன். அவள் செய்தது தப்பா சரியா அம்மா என்று கேட்டேன். பூண்டை உரித்துக்கொண்டே, "அவ என்னடா பண்ணுவா, ரெண்டு பக்கமும் அவளோடதுதானே" என்றார். நான் ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டு வந்து சேர்ந்த இடத்துக்கு அவர் ஒரு பல் பூண்டு உரிக்கும் நேரத்தில் வந்துவிட்டார்.

அண்ணனைக் கொன்றவர்களின் கூட்டத்திலிருந்து கணவனை ஆண்டுக்கணக்கில் ஒளித்துவைப்பவள் ஆயுத். காட்டிக்கொடுத்தால் தருகிறேன் என்று எயோல்ஃப் வெள்ளியைக் கொட்டுகிறான். நல்ல வெள்ளியா என்று பார்த்து, எண்ணி, பைக்குள் போட்டு இறுக்கிக் கட்டி, அந்தப் பையாலேயே அவன் மூக்கில் ஓங்கி அடிக்கிறாள். ரத்தம் கொட்டுகிறது. பணப்பையில் சுமக்கமாட்டேன் என்ற பேச்சை இப்படிச் செயலில் காட்டிய இடம் வேறு எதிலும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

இவ்வளவு சொன்னபின் இதையே போட்டுவிடலாமே என்று தோன்றும். தயங்கியதற்குக் காரணம் உண்டு. கதையைத் தெரிந்துகொண்டு பார்த்தால் பிரமாதம். தெரியாமல் உட்கார்ந்தால் இருட்டு வீடுகளில் தாடிக்காரர்கள் ஒருவரையொருவர் முறைப்பதுதான் முதலில் கண்ணில் படும். இன்னொன்று, கேட்டவர் கேட்டது காதல் கதை. இதில் காதல் உண்டு, ஆனால் அது பத்து வருடம் குடித்தனம் நடத்திய தம்பதியின் காதல். எனக்கு அதுதான் பெரிசு. மாடியில் உட்காரும் மற்றவர்களுக்கு?

அடுத்து 'அண்டங்காக்கையின் நிழலில்', 1988. இயக்கியவர் ஹ்ராப்ன் குன்லாய்க்சன். ஹ்ராப்ன் என்றாலே ஐஸ்லாந்திய மொழியில் அண்டங்காக்கை. மனிதர் தன் பெயரைத் தானே படத்தலைப்பில் வைத்துக்கொண்டார் என்று நான் நினைத்துக்கொள்வேன். 1984இல் வந்த 'அண்டங்காக்கை பறக்கும்போது' படத்துக்கு அடுத்து, மூன்று படங்கள் கொண்ட வரிசையில் இது இரண்டாவது.

கதை நடப்பது 1077இல். நார்வேயில் படித்துவிட்டு ஊர் திரும்பும் திராய்ஸ்டி, தன் ஆட்கள் கடற்கரையில் பக்கத்துக் குடும்பத்தோடு வெட்டிக்கொண்டிருப்பதைப் பார்க்கிறான். சண்டை எதற்கு? கரை ஒதுங்கிய ஒரு திமிங்கிலத்துக்கு. கேட்க வேடிக்கையாக இருந்தாலும் இது கற்பனைச் சரடு இல்லை. பஞ்ச காலத்தில் ஒரு திமிங்கிலம் என்றால் ஒரு ஊருக்கே குளிர்காலச் சாப்பாடு. ஐஸ்லாந்திய மொழியில் 'ஹ்வால்ரெகி' என்ற சொல்லுக்குக் கரை ஒதுங்கிய திமிங்கிலம் என்றும் பொருள், எதிர்பாராமல் அடித்த யோகம் என்றும் பொருள். எந்தக் கரையில் ஒதுங்கினால் யாருக்கு எவ்வளவு பங்கு என்று பழைய சட்டம் விலாவாரியாகச் சொல்கிறது. கிரெட்டிர் சாகாவில் இதேபோல் ஒரு திமிங்கிலத்துக்காக, ஆயுதம் போதாமல் அதன் எலும்பையும் கொழுப்பையும் வைத்தே அடித்துக்கொள்வார்கள்.

இந்தச் சண்டையில் ஈசோல்டின் தகப்பன் சாகிறான், திராய்ஸ்டியின் ஆளால். அவள் பழிவாங்கச் சபதம் எடுக்கிறாள். அவனோ சமாதானம் பேச வருகிறான், இருவருக்கும் காதல். அவள் நிலத்தின்மேல் கண் வைத்த பிஷப் தன் மகனுக்கு அவளைக் கட்டிவைக்கப் பார்க்கிறார். முடிவைச் சொல்லமாட்டேன்.

மூன்றில் விறுவிறுப்பானது இதுதான். வில்லன் யார் என்று சந்தேகமே வராது. புது மதமும் பழைய பழிவாங்கும் முறையும் மோதுவது கதைக்கு நல்ல கனம். பஞ்சம், சேறு, மழை, திமிங்கில ரத்தம் எல்லாம் மூக்கில் அடிக்கும் அளவுக்கு எடுத்திருக்கிறார். ஈசோல்டாக வரும் தின்னா குன்லாய்க்ஸ்டோத்திர் படத்தைத் தூக்கி நிறுத்துகிறார். பெயர்களைப் பார்த்ததுமே தெரிந்திருக்கும்: திராய்ஸ்டி, ஈசோல்ட் என்றால் ஐரோப்பாவின் பழைய காதல் ஜோடியான திரிஸ்தான், இசோல்டே. அந்தக் காதல் சாகா மண்ணில் முளைத்ததில்லை. தெற்கே அரண்மனைகளில் பாடப்பட்டு வடக்கே வந்தது. அதனால் காதல் காட்சிகளில் இருவரும் வேறொரு கதையிலிருந்து இறங்கி வந்தவர்கள்போல நிற்கிறார்கள். சுற்றியுள்ள பகை மட்டும் அச்சு அசல். தகப்பனின் சாவைக் கண்ணால் கண்டவள், கொன்ற பக்கத்துக்காரனிடம் மனம் சாய்வது அவளுக்குள் எப்படி நடந்தது? படம் அந்த இடத்தை அவசரமாகக் கடந்துவிடுகிறது. திமிங்கிலத்துக்குக் கொடுத்த நேரத்தில் பாதியை அவளுக்குக் கொடுத்திருக்கலாம்.

ஆனாலும் சொல்கிறேன்: உங்கள் கூட்டத்தில் இந்த மாதிரிப் படங்கள் யாருக்கும் பழக்கம் இல்லை என்றால் இதில் தொடங்குவதே நல்லது. யாரும் பாதியில் எழுந்து போகமாட்டார்கள்.

மூன்றாவது 'சிவப்பு மேலங்கி', 1967. ஆங்கிலத்தில் 'தி ரெட் மேண்டில்' என்றும் 'ஹாக்பார்ட் அண்ட் சிக்னே' என்றும் இரண்டு பெயரில் உலவுகிறது. தேடும்போது இரண்டும் வேறு படம் என்று நான் கொஞ்ச நேரம் ஏமாந்தேன். டென்மார்க்கின் காப்ரியேல் ஆக்செல் எடுத்தது. இருபது வருடம் கழித்து 'பாபெட்டின் விருந்து' படத்துக்காக ஆஸ்கர் வாங்கினாரே, அவரேதான். அந்த அமைதியான சமையல் படத்தைப் பார்த்தவர்களுக்கு இவர் தூக்குமரம் நட்டவர் என்றால் நம்பத் தோன்றாது.

இதன் மூலக்கதை ஐஸ்லாந்து சாகா இல்லை. 1200ஐ ஒட்டி சாக்ஸோ கிராமாடிகுஸ் என்ற டென்மார்க்காரர் லத்தீனில் எழுதிய 'டேனியர்களின் செயல்கள்' என்ற நூலின் ஏழாம் புத்தகம். ஆம்லெத்தும் அந்த நூலில்தான் வருகிறான். ஆக்செல் 1994இல் அந்தக் கதையையும் 'பிரின்ஸ் ஆஃப் ஜட்லாண்ட்' என்று படமாக்கினார். சாக்ஸோவை விட அவருக்கு மனம் வரவில்லைபோல.

சாக்ஸோ சொல்லும் கதை இது. சிகார் அரசனின் பிள்ளைகளும் ஹாமுண்டின் பிள்ளைகளும் மோதி, யாரும் ஜெயிக்காமல் களைத்து, சமாதானம் ஆகிறார்கள். ஹாமுண்டின் மகன் ஹாக்பார்டும் சிகாரின் மகள் சிக்னேயும் காதலிக்கிறார்கள். அவளைக் கேட்டுவந்து கிடைக்காமல் போன ஒரு ஜெர்மானியப் பிரபு, போல்விஸ் என்ற கிழட்டு ஆலோசகனுக்குக் காசு கொடுத்துச் சமாதானத்தைக் கெடுக்கிறான். ஹாக்பார்டின் சகோதரர்களை சிக்னேயின் சகோதரர்கள் கொல்கிறார்கள். ஹாக்பார்ட் அவர்களைக் கொல்கிறான். ஆக, அவள் கூடப்பிறந்தவர்களின் ரத்தத்தைக் கையில் வைத்துக்கொண்டே அவளைத் தேடி வருகிறான்.

எப்படி வருகிறான் தெரியுமா, பெண் வேடத்தில். போர்ப்பயிற்சி பெற்ற பெண் என்று சொல்லிக்கொள்கிறான். கால் கழுவும் பணிப்பெண்கள், உன் காலில் ஏன் இவ்வளவு மயிர், கை ஏன் இப்படிக் காய்த்திருக்கிறது என்று கேட்கிறார்கள். காட்டிலும் கடலிலும் அலைந்து, வாளும் ஈட்டியும் பிடித்த கை அப்படித்தான் இருக்கும் என்று பாட்டாகவே பதில் சொல்கிறான். சிரிப்பு வரவேண்டிய இடம்தான். ஆனால் அடுத்த பக்கத்தில் என்ன நடக்கும் என்று தெரிந்தால் சிரிக்க முடியாது.

பிடிபடுகிறான். இங்கே டென்மார்க்கின் பழைய நாட்டுப்பாடல் ஒன்று, சாக்ஸோவிடம் இல்லாத ஒன்றைச் சேர்க்கிறது. எந்தக் கயிற்றில் கட்டினாலும் அறுத்துக்கொள்கிறான். ஒரு பணிப்பெண் யோசனை சொல்கிறாள்: சிக்னேயின் தலைமுடி ஒன்றை எடுத்துக் கட்டுங்கள். கட்டுகிறார்கள். அவன் அறுக்கவில்லை. அவளுடைய முடியை அறுக்க அவனுக்குக் கை வரவில்லை.

தூக்குமரத்தின் கீழே அவன் ஒரு கடைசி ஆசை கேட்கிறான். முதலில் என் மேலங்கியை மேலே ஏற்றுங்கள், நான் தொங்கினால் எப்படி இருக்கும் என்று பார்க்கிறேன். ஏற்றுகிறார்கள். தூரத்தில் காவல் இருப்பவன் ஏதோ தொங்குவதைப் பார்த்து சிக்னேயிடம் சொல்கிறான். அவள் முன்பே வாக்குக் கொடுத்தபடி, வீட்டுக்குத் தீ வைத்துக் கழுத்தில் சுருக்கு மாட்டிக்கொள்கிறாள், தோழிகளும் கூடவே. எரியும் வீட்டைப் பார்த்த ஹாக்பார்ட் சந்தோஷமாகச் சாகத் தயாராகிறான்.

இந்தக் கதை எவ்வளவு பரவியிருந்தது என்பதற்கு ஒன்று சொல்கிறேன். சாக்ஸோவுக்கு இருநூறு ஆண்டுக்கு முன்பே நார்வேக் கவிஞர் ஒருவர் தூக்குமரத்தை 'சிகாரின் குதிரை' என்று பாடியிருக்கிறார். விளக்கம் இல்லாமலே கேட்டவர்களுக்குப் புரிந்திருக்கிறது. டென்மார்க்கில் ரிங்ஸ்டெட் பக்கத்தில் உள்ள சிகெர்ஸ்டெட்தான் சிகாரின் ஊர் என்பார்கள். சுவீடனின் ஹாலண்ட் மாகாணத்தில் நிற்கும் பழைய நெடுங்கற்களுக்கு 'ஹாக்பார்டின் தூக்குமரம்' என்று பெயர்.

படத்துக்கு வருகிறேன். சிகெர்ஸ்டெட் தட்டையான, பசுமையான வயல்காடு. ஆக்செல் படம் பிடித்தது ஐஸ்லாந்தில். மரமே இல்லாத கரிய எரிமலைப் பாறை, கல், ஆறு, குதிரை. வரலாற்றுக் கணக்கில் இது தப்பு. சினிமாக் கணக்கில் படத்தின் முக்கால் பலம் அதுதான்: ஒளிந்துகொள்ள ஒரு புதர்கூட இல்லாத இடத்தில் இரண்டு பேர் ரகசியமாகக் காதலிக்கவேண்டும். ஒளிப்பதிவு ஹென்னிங் பெண்ட்சென், டென்மார்க் இயக்குநர் டிரையரின் 'ஓர்டெட்' படத்துக்குக் கேமரா பிடித்தவர். சாம்பலும் கறுப்புமான அந்த வெளியில் ஒரு சிவப்புத் துணி காற்றில் ஆடினால் எவ்வளவு தூரத்திலிருந்தும் தெரியும். கதைக்கும் அது தெரிந்துதானே ஆகவேண்டும்.

நடிகர்கள் ஒரு விசித்திரக் கலவை. ஹாக்பார்டாக ரஷ்யாவின் ஒலெக் விடோவ். சிக்னேயாக டென்மார்க்கின் பாப் பாடகி கிட்டே ஹென்னிங், அப்போது இருபதை ஒட்டிய வயது. அரசனாகவும் அரசியாகவும் வரும் குன்னார் ப்யோர்ன்ஸ்ட்ராண்டும் ஏவா தால்பெக்கும் சுவீடன் இயக்குநர் பெர்க்மன் படங்களில் பார்த்துப் பழகிய முகங்கள். பேச்சு குறைவு. பேர் நோர்கார்டின் இசையும் அதட்டுவதில்லை. 1967 கான் திரைப்பட விழாவில் போட்டிப் பிரிவில் இருந்த படம். மெதுவாகத்தான் போகும், அதை மறைக்க விரும்பவில்லை. முதல் அரை மணியில் யாராவது கைபேசியை எடுப்பார்கள்.

என் அளவுகோலில் இது எங்கே நிற்கிறது? கொஞ்சம் சங்கடமான இடத்தில். சிக்னேக்கு தோர்திஸ் மாதிரி இரண்டு பக்கமும் இழுக்கும் மனம் வெளியே தெரிவதில்லை. சகோதரர்கள் செத்தபின்னும் அவள் ஹாக்பார்டின் பக்கம் ஒரே உறுதியாக நிற்கிறாள். முதல் தடவை பார்த்தபோது அதை ஒரு குறையாகவே குறித்துவைத்தேன்.

இரண்டாம் தடவை அந்த மேலங்கி என்னை விடவில்லை. அவன் ஏன் அதை முதலில் தொங்கவிடச் சொல்கிறான்? அவள் வாக்குத் தவறாமல் சாகிறாளா என்று பார்க்க. அதாவது, அவளைச் சோதித்துப் பார்க்கிறான். அந்த நிமிடம் அவனைக் கொல்லவில்லை, அவளைக் கொன்றுவிட்டது. அவன் சும்மா இருந்திருந்தாலும் அவள் செத்திருப்பாள், வாக்குக் கொடுத்தவள்தானே என்று ஒரு பக்கம் சொல்லலாம். இல்லை, தனக்கு முன்னால் அவள் சாவதைப் பார்த்துவிட்டுப் போகவேண்டும் என்பது காதலுமில்லை ஒன்றுமில்லை, அதுவும் ஒரு வசூல்தான் என்று இன்னொரு பக்கம் சொல்லலாம். அவன் கூட்டம் அவள் கூட்டத்திடம் உயிரைக் கணக்குப் பார்த்து வாங்குகிறது, அவனும் கடைசியில் அதே கையோடு நிற்கிறான் என்று எனக்குச் சில நாள் தோன்றுகிறது. வேறு சில நாள், தனியாகச் சாகப் பயந்த ஒரு பையனாக மட்டும் தெரிகிறான்.

நான் எங்கே சாய்ந்தேன் என்பது இதற்குள் தெரிந்திருக்கும். கதையாக எடைபோட்டால் கிஸ்லிதான் பெரியவன், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அந்த சாகாவை வாசித்துவிட்டு அடுத்த முறை அந்தப் படத்தைப் போடுவேன், வாசிக்காமல் போடமாட்டேன். திமிங்கிலப் படம் மழைக்கால ராத்திரிக்கு, கூட்டம் கூடுதலாக இருக்கும் நாளுக்கு. நாலே பேர் என்றால், படம் முடிந்தபின் ஒரு மணி நேரமாவது சண்டை போட ஒரு விஷயம் வேண்டும். அந்த மேலங்கி அதைக் கொடுக்கும்.

இரண்டு எச்சரிக்கை. மூன்றுமே சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு பார்க்கும் படங்கள் இல்லை. 'சிவப்பு மேலங்கி'க்கு ஆங்கிலக் குரல் சேர்த்த பிரதியும் உண்டு. அதைத் தவிர்த்து, டேனிய மொழியில் சப்டைட்டிலோடு இருப்பதைத் தேடுங்கள். அவ்வளவு குறைவாகப் பேசும் படத்தில் குரல் மாறினால் மிச்சம் ஒன்றும் இருக்காது.

நண்பனுக்கு போன் செய்து முடிவைச் சொன்னேன், படத்தின் பெயரை மட்டும் சொல்லாமல். அவன் அம்மா வருவாரா என்று கேட்டேன். வருவாராம், இப்போதே கதை கேட்கிறாராம். அப்புறம்தான் சுவர் ஞாபகம் வந்தது. மாடிப்படி அறைக்குப் போன பொங்கலுக்கு மஞ்சள் டிஸ்டெம்பர் அடித்திருக்கிறார்கள். அதன்மேல் விழுந்தால் சிவப்பு செங்கல் நிறமாகத்தான் தெரியும். சனிக்கிழமைக்குள் நல்ல வெள்ளை வேட்டியாக ஒன்று, எட்டு முழம், கஞ்சி போட்டு எடுத்துவைக்கச் சொல்லியிருக்கிறேன்.